ஊர்வல வண்டிக்குப் பந்தய மேனிஃபோல்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் என்னுடையது. செங்கல்பட்டில் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிற நாலைந்து பேர் 'உங்க அண்ணன் கார்' என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அண்ணன் கார் இல்லை. என் கணவர் வாங்கினார், அவர் போன பிறகு ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் ஏறியது. இதைச் சொன்னால் 'ஆமாமா' என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் 'உங்க அண்ணன் காரு' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெட்ராஸில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன அமெரிக்கக் கார் அது. எட்டு சிலிண்டர். கூரையைப் பின்பக்கம் மடித்துவிட்டால் திறந்த தேர் மாதிரி இருக்கும். அந்தக் கூரைக்காகத்தான் அதற்கு ஊரில் மவுசு. முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் எங்கள் வண்டிதான். கோயில் வாசலில் மாப்பிள்ளையை ஏற்றி, பூ ஜோடித்து, பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு நடுவே மண்டபம் வரைக்கும் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஓட்டிக்கொண்டு அல்ல, நகர்த்திக்கொண்டு. முன்னால் நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகம்தான் வண்டியின் வேகம். அவர் தெருமுனையில் நின்று ஒரு ராகத்தை இழுத்தால் வண்டியும் நிற்க வேண்டும். அரை மைல் போக இரண்டு மணி நேரம் ஆகும். மற்ற நாட்களில் வெள்ளைக்காரர்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கற்கோயிலைக் காட்டிவிட்டுத் திரும்பும்.

என் கணவர் எட்டாவதோடு நின்றவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. காரோடு தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்தது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவதைப் பற்றி. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார், நான் மேலே முக்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். இரண்டு வருடத்தில் புத்தகம் இல்லாமலே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மாமல்லபுரம் சாலையில் ஆளில்லாத இடத்தில் எனக்கு ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸும் எடுத்தேன். 'பொம்பளைக்கு எதுக்கு' என்று கேட்டவர்களிடம் அவர், 'எனக்குத் தூக்கம் வந்தா யாரு ஓட்டுறது?' என்றார். மஞ்சள்காமாலையில் பதினைந்தே நாளில் போய்விட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அதன் பிறகு அண்ணன் வீடு. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நான் சமைத்தேன், அவன் வண்டி ஓட்டினான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துத் தருவான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில்தான் அவனுக்கு உயிர். வண்டியின் ஆயில், பேட்டரி, பிளக் எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். விடிவதற்கு முன்னால், தெருவில் யாரும் நடமாடாத நேரத்தில். அதுவும் அவன் வைத்த விதிதான். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கோளாறு தண்ணீரில் ஆரம்பித்தது. மாமல்லபுரத்துக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் அங்கேயே கிடைக்கிற கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிடுவான். கடலோரக் கிணறு, வாயில் வைத்தாலே கரிக்கும். வீட்டிலிருந்து ஒரு கேனில் நல்ல தண்ணீர் எடுத்துப் போ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே. அந்த உப்பு எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றி, கடைசியில் மேனிஃபோல்டை அரித்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும். அந்தக் கலவையை எட்டு சிலிண்டருக்கும் பங்கு பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இரும்புச் சாமான்தான் இன்டேக் மேனிஃபோல்டு. கார்புரேட்டருக்குக் கீழே, எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். எங்கள் எஞ்சினில் ரேடியேட்டர் தண்ணீரும் அதற்குள் ஓடித்தான் திரும்பும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாய் கழற்றிப் பார்த்தார். என் கணவருக்கு வேண்டியவர். அரித்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"பூட்ச்சி தங்கச்சி. வெல்டிங் அடிச்சாலும் நிக்காது. வேற மேனிபோல்டுதான் போடணும்" என்றார்.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெட்ராஸுக்குப் போய்க் கார் பந்தயம் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவன். அவன் மறுநாளே ஒரு மேனிஃபோல்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். யாரோ பந்தயக்காரர் கழித்துப்போட்டது. எங்கள் எஞ்சின் வகைக்கே செய்தது. அலுமினியம், பளபளவென்று இருந்தது. பழசைவிட ஒரு சாண் உயரம். அதன் தலையில் நாலு வாய் உள்ள பெரிய கார்புரேட்டர்.

"மச்சான், இத்த மாட்டிப் பாரு. வண்டி பறக்கும்!" என்றான்.

அண்ணன் அதைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "இன்னா லேசா கீது பாத்தியா!" என்று என்னிடம் நீட்டினான். நான் தூக்கிப் பார்க்கவில்லை, உள்ளே பார்த்தேன். என் கை உள்ளே போகிற அளவுக்குக் குழாய்கள். எட்டும் ஒரே பள்ளத்தில் வந்து திறந்திருந்தன.

"இது ஆவாது. வேகமா ஓடுற எஞ்சினுக்குத்தான் இம்மாம் பெரிய ஓட்டை. நம்ம வண்டி நடக்கிற வண்டி. இத்தினி அகலத்துல காத்து மெதுவாப் போனா பெட்ரோலு பாதி வழியிலயே கீழ வுழுந்துடும். பிளக்கு நனைஞ்சி வண்டி நின்னுடும்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். புரியவில்லை என்று நினைத்து, எனக்குத் தெரிந்த எளிய வழியில் சொன்னேன். "அடுப்பு ஊதுற குழலு ஏன் சின்ன வாயா கீது? அதனாலதான் காத்து வேகமாப் போயி நெருப்பு புடிக்குது. சாக்கடைக் குழாய வெச்சி ஊதினா அடுப்பு எரியுமா?"

கூட்டாளி சிரித்துவிட்டான். அண்ணன், "அடுப்பாண்ட பேச்ச அடுப்பாண்டயே வெச்சிக்க" என்றான்.

என் காரைப் பற்றி, என் வீட்டுக்காரருக்கு நான் படித்துக் காட்டிய எஞ்சினைப் பற்றி, என்னிடம் சொல்கிறான்! பாயைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "தங்கச்சி சொல்றது கரெக்டு. புதுப்பேட்டைல தேடினா இந்த எஞ்சினுக்கே இரும்புல கெடைக்கும். ரெண்டு வாயி, சின்ன ஓட்டை. அத்தப் போடு." அண்ணன் அவர் பேச்சையும் கேட்கவில்லை. சாமானைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டான்.

அங்கே மாட்டிய பிறகு பானட் மூடவில்லை. சாமான் ஒரு சாண் உயரம் என்றால் எப்படி மூடும்? பானட்டில் சதுரமாக ஓட்டை வெட்டினார்கள். என் கணவர் வாராவாரம் மெழுகு போட்டுத் தேய்த்து, முகம் பார்த்துத் தலை வாரிய பானட். நான் பார்த்தபோது அந்த ஓட்டை வழியே கார்புரேட்டர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளோட்டம் என்று திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வந்தார்கள். என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள், பார்த்து வாயை மூடட்டும் என்று. வண்டி பறந்தது, பொய் சொல்ல மாட்டேன். சவுக்குத் தோப்புகள் கோடு கோடாக ஓடின. காது அடைத்துப் போகிற சத்தம். கடற்கரையில் நிறுத்தி அண்ணன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே திரும்பினான்.

"இப்ப இன்னா சொல்ற?"

"எந்த மாப்பிள்ளைய பறக்க வுடப் போற?" என்று கேட்டேன்.

அவன் மறுபடியும் எஞ்சினைக் கிளப்பினான். 

தை மாதத்தின் முதல் முகூர்த்தம். அன்று விடிகாலையில் வழக்கம்போல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, கம்பி முனைகளைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். மாலையில் ஊர்வலம் கிளம்பியதும் மனசு கேட்காமல் கூட்டத்துக்குப் பின்னால், கடை ஓரமாகவே நடந்து போனேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் எஞ்சின் இருமத் தொடங்கியது. அண்ணன் நிற்கிற இடத்திலெல்லாம் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான். கறுப்புப் புகை. பெட்ரோல் நாற்றத்தில் மல்லிகை வாசனையே தெரியவில்லை. அப்புறம் 'டமார்' என்று ஒரு வெடி. கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தது. அதிர்வேட்டு என்று நினைத்து மாப்பிள்ளையின் சித்தப்பா கை தட்டினார். இரண்டாவது வெடியில் பானட் ஓட்டையிலிருந்து ஒரு முழம் தீ எழும்பி, முன்னால் கட்டியிருந்த பூச்சரத்தைக் கருக்கியது. விளக்குக்காரர்கள் சிதறி ஓடினார்கள். வண்டி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பாதி வழியில் கீழே இறங்கக் கூடாது, அபசகுனம். ஆகையால் அவரை உள்ளே வைத்தே தள்ளினார்கள். அத்தனை கனமான வண்டியை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் தள்ள, தவில்காரர் தவிலைப் பின்சீட்டில் வைத்துவிட்டு அவரும் தள்ள, நாதஸ்வரம் மட்டும் தனியாக ஊதிக்கொண்டு முன்னால் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் தகப்பனார் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா இது? காலைல வண்டிய யாரு தொட்டது?"

அண்ணன் தலையைக் குனிந்தான். பத்தடி தூரத்தில் நான் நின்றிருந்தது அவனுக்குத் தெரியும்.

"என் தங்கச்சி பேட்டரிக்குத் தண்ணி ஊத்திச்சி" என்றான்.

அவ்வளவுதான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் நெற்றியைப் பார்த்தார்கள். 'அதான்' என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் பானட்டில் நீட்டிக்கொண்டிருந்த அந்த அலுமினியத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காபியை அவன் முன்னால் வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தாளு கேட்டுகினே கீறாரு. மேனிபோல்டுன்னு சொன்னா அவருக்குப் புரியுமா?"

மேனிஃபோல்டு என்றால் புரியாது, தாலி இழந்தவள் என்றால் புரியும்.  புரியாதவர்களுக்குப் புரிய வைப்பதற்காக என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அப்புறம் வண்டிக்குத் திருஷ்டி கழித்து, முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தான். இனி நான் காரைத் தொடவே கூடாது என்றும் சொன்னான். பூசணிக்காய் கார்புரேட்டருக்கு என்ன செய்யும்? ராசியில்லாத வண்டி என்ற பேச்சு இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. அந்த மாதத்துக்குப் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வண்டிதான் எனக்கென்று இருந்த ஒரே பொருள். அது போனால் அண்ணன் வீட்டு அடுப்படியைத் தவிர எனக்கு வேறு இடமில்லை.

பழைய மேனிஃபோல்டின் கேஸ்கெட்டை, அதுதான் சாமானுக்கு அடியில் வைக்கிற அட்டை, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு எழும்பூருக்கு ரயில் ஏறினேன். புதுப்பேட்டையில் வரிசையாகப் பழைய இரும்புக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் 'வூட்டுக்காரர அனுப்புமா' என்றார்கள். 'அனுப்ப முடியாத இடத்துல கீறாரு' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஏழாவது கடையில் மூலையில் கிடந்ததன் மேல் அட்டையை வைத்துப் பார்த்தேன். எட்டு ஓட்டையும், தண்ணீர் வழியும் அச்சாகப் பொருந்தின. இரும்பு, குட்டை, இரண்டு வாய், குறுகலான குழாய்கள். கோணியில் கட்டி இடுப்பில் சுமந்து ரயிலேறினேன். பெண்கள் பெட்டியில் ஒரு அம்மாள் இடம் ஒதுக்கிக் கொடுத்து, "இன்னாம்மா, கிரைண்டர் கல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லி விளக்கிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது.

வண்டியைப் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணனிடம் சாவியைக் கேட்டேன். தயங்கினான். "ஆர்.சி. புக்கு யாரு பேர்ல கீது?" என்றேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டான். பந்தயச் சாமானைக் கழற்றி, இதை வைத்து, பழைய கார்புரேட்டரையே மேலே மாட்ட, பாயும் நானும் ஒரு பகல் முழுக்க வேலை செய்தோம். நடு போல்ட்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னபோது அவர் ஏற்கெனவே அப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கொளவாய் ஏரிக்கரைக்கு ஓட்டிப்போனோம்.

"நான் நாதஸ்வரம். நீ பின்னால வா" என்று சொல்லிவிட்டு, குடையை இரண்டு கையாலும் வாயருகே பிடித்துக்கொண்டு பாய் நடந்தார். நடுநடுவே நின்று ஆலாபனை வேறு. நான் அவர் பின்னாலேயே நகர்த்தினேன். ஒன்றரை மணி நேரம். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

"அல்லா மேல சத்தியமா, என் காலு வலிக்குது, வண்டிக்கு வலிக்கல" என்றார்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் பெண் எடுக்கிற ஒரு குடும்பம், பழைய கதை தெரியாமல் வண்டி கேட்டது. அன்று மத்தியானம் அண்ணன் சொன்னான்: "வண்டி கெளம்பறப்போ நீ வெளிய வராத. எதிர்ல வந்து நின்னு திரும்ப எதுனா ஆய்டப் போவுது." சோற்றைப் பிசைந்துகொண்டே, ஊறுகாய் கேட்பது போல் சொன்னான்.

அவன் சாப்பிட்டுப் படுத்ததும் போய் பானட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டர் என்று கட்டைவிரல் அளவு ஒரு சாமான் உண்டு. அது இல்லாவிட்டால் எந்த சிலிண்டருக்கும் தீப்பொறி போகாது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.  

வெளியூர்க்காரர்கள் என்பதால் மாலையில் வண்டியை எங்கள் வாசலிலேயே ஜோடித்து, மாப்பிள்ளையையும் அங்கேயே ஏற்றினார்கள். செல்ஃப் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. பாயை ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். சன்னல் வழியே அடுப்படிப் பக்கம் பார்த்தார். மூடியை அப்படியே திருப்பி மாட்டினார்.

"என்னால ஆவாது. வண்டிக்காரம்மாவக் கூப்புடு" என்றார்.

நான் வெளியே வந்தேன். கூட்டத்துக்கு நடுவே நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "நான் புருசன் போனவ. என் கை பட்டா வண்டி நின்னுடும்னு எங்க அண்ணன் சொல்றாரு. இப்ப தொடட்டுமா, வேணாமா?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போய்கினு கீதும்மா. தொடு, தொடு, சீக்கிரம்" என்றார்.

அவ்வளவுதானா உங்கள் சாஸ்திரம்? ஒரு கடிகாரத்துக்கு முன்னால் கால் நிமிஷம் நிற்காத சாஸ்திரத்தை வைத்தா என்னை அடுப்படியில் உட்கார வைத்தீர்கள்? அங்கேயே கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. ரோட்டரைப் போட்டு மூடியை மாட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. "நீ எறங்கு, நான் ஓட்டுறேன்" என்றான் அண்ணன், கதவைப் பிடித்துக்கொண்டு. பின்னாலிருந்து மாப்பிள்ளை, "அவங்களே ஓட்டட்டும், போலாம்" என்றார். பாவம், அவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். நாதஸ்வரக்காரர் நடந்தார், நான் பின்னால் போனேன். இரண்டு மணி நேரம். அண்ணன் கூட்டத்தோடு நடந்து வந்தான்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும், ஓட்டி வந்தவருக்குத் தாம்பூலத் தட்டு கொடுப்பது முறை. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், ஒரு வேட்டி. தட்டோடு வந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்ற அண்ணனிடம் நீட்டினாள். அவனும் கையை நீட்டினான்.

நான் வண்டியை நகர்த்தவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் விளக்குக்காரர்கள், எல்லாரும் தெருவில் நின்றார்கள். "வண்டிய எடும்மா" என்றார்கள். "ஓட்டியாந்தது நானு" என்று சொல்லிவிட்டு வலது கையைக் கதவுக்கு வெளியே நீட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அந்த இரும்பு மேனிஃபோல்டோடு அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்ற இடத்திலேயே ஓடும். எனக்கும் அவசரமில்லை.

அண்ணன்தான் கடைசியில் தட்டை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தான். குங்குமத்தை எடுத்துவிட்டுத்தான் வைத்தான்.